மாஸ்டர் இருக்க பயமேன்

பட்டாசுக் கம்பெனி முதலாளி மணிகண்டராஜ், முந்தின நாள் தொழிலாளி சங்கிலிமுத்துவை எல்லார் முன்னாலும் அறைந்திருந்தார். அதனால் இன்று விருதுநகரிலிருந்து கராத்தே மாஸ்டர் தனுஷ்கோடியைத் துணைக்கு அழைத்து வந்தார்.

"பயப்படாதீக மொதலாளி, முப்பது வருஷ வித்தை. நான் அடிக்கது தெரியாது, அவன் விழுறதுதான் தெரியும்" என்றார் மாஸ்டர், வெடிமருந்து அறைச் சுவரில் சாய்ந்தபடி.

அந்நேரம் எதிர் ஷெட்டிலிருந்து சங்கிலிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் கையில் சாக்கோடு ஓடி வந்தார்கள்.

"மொதலாளி! ஏ மொதலாளி!"

"சாக்கைப் போட்டு மூடி அடிக்க வாரானுக!" என்று அலறினார் முதலாளி.

மாஸ்டர் அதற்குமேல் யாரையும் பேசவிடவில்லை. தண்ணீர்போல் நழுவிச் சுழன்றார். ஒருவன் முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. அடுத்தவன் மூக்கு உடைந்தது. சங்கிலிமுத்துவின் தாடையில் குதிகால் இறங்க, இரண்டு பற்கள் தெறித்தன. மாஸ்டரின் சட்டை கசங்கக்கூட இல்லை.

"அடேயப்பா! வித்தைன்னா இதுல்லா வித்தை!" முதலாளி கைதட்டினார். "இன்னும் ஒண்ணு போடுங்க!"

சங்கிலிமுத்து ரத்தத்தைத் துப்பினான். "அடிக்க யாருய்யா வந்தா? இது ஈரச் சாக்கு. பின்னாடி பாருங்க, மருந்து ரூம்ல பொகை!"

கதவிடுக்கில் புகை சுருண்டது. முதலாளிக்குக் கால் நகரவில்லை.

"மாஸ்டர்!"

சங்கிலிமுத்துதான் சாக்கை முதலாளி தலையில் கவிழ்த்து, கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லாரும் கேட்டைத் தாண்டி விழவும் அறை வெடித்துச் சிதறவும் சரியாக இருந்தது.

"ஐயோ, மாஸ்டர் உள்ளயா?"

"அங்கன பாருங்க."

ரோட்டில், நிற்காமல் போன விருதுநகர் பஸ்ஸில், மாஸ்டர் ஒற்றைக் காலில் அழகாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தார்.