கேரண்டி கடைப் பை

பைக்கடைக்காரருக்குத் தெருவில் 'கேரண்டி' என்று பெயர். எதைப் பற்றிக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். அவர் விற்ற பைகள் மட்டும் அதை ஒருநாளும் மதித்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியதும், 'வாட்டர்ப்ரூஃப்' என்று அவர் வாடிக்கையாளர்கள் தலையில் கட்டிய பைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கல்லூரி மாணவி ஒருத்தி நனைந்த லேப்டாப்போடு வந்து அழுதாள். அடுத்து வந்த நர்ஸ் அழவில்லை. பையைக் கல்லாப்பெட்டி மேல் கவிழ்த்து, தண்ணீரை ஊற்றிக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் காப்பதில் அந்தப் பைக்கு நிகரில்லை.

அத்தோடு மனைவியின் பொறுமை போய்விட்டது. கடை மனைவியின் பெயரில்தான் இருந்தது. மாமனார் எழுதிக் கொடுத்தது.

"இன்னும் ஒரே ஒருத்தர் பையைத் தூக்கிட்டு வந்து கத்தட்டும், அன்னைக்கே கடைச் சாவி என் தம்பி கைக்குப் போயிடும். நீங்க அவன்கிட்ட சம்பளத்துக்கு நில்லுங்க."

மச்சானிடம் கைகட்டி நிற்பதை கேரண்டியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவரிடம் கணக்குக் கற்றுக்கொண்டு ஃபெயிலான பயல் அவன்.

மறுநாள் காலை, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கூரியர்காரர் உள்ளே வந்தார். கெண்டைக்கால் முழுக்கச் சேறு.

"அண்ணே, முதுகுல மாட்டுற பை வேணும். நாள் முழுக்க மழையில சைக்கிள் மிதிக்கிறவன் நான். பை தாங்கணும், தண்ணி உள்ள போகக் கூடாது."

"கேரண்டி!" என்று வாய் தானாகச் சொன்னது.

"அதை பில்லுல எழுதித் தருவீங்களா?"

இப்படி யாரும் கேட்டதில்லை. கேரண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் வாட்டர்ப்ரூஃப் கேட்டேன், நீங்களும் அதுதான்னு சொல்லிக் கொடுத்தீங்க. நனைஞ்சா கடைதான் பொறுப்பு. அவ்வளவு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்."

கேஸ் போடப் போகிறவன் பேசும் பேச்சு இது. ஒருவேளை அந்த நர்ஸ் அனுப்பிய ஆளோ? இல்லை, நுகர்வோர் கோர்ட்டிலிருந்தே வேவு பார்க்க வந்திருக்கிறானோ?

"அப்படி என்ன தம்பி கொண்டு போறீங்க?"

"சிமெண்ட் அண்ணே. பாலம் கட்டுற இடத்துல சாம்பிள் எடுத்து, காகிதப் பொட்டலமா கட்டி லேபுக்கு அனுப்புறாங்க. இன்ஜினியரே அதை என் பைக்குள்ள வச்சு, பை வாயை மூடி சீல் வச்சிடுவார். லேப்லதான் பிரிக்கணும். நடுவுல ஈரம் பட்டா இறுகிக் கல்லாயிடும், அப்புறம் சோதிச்சுப் பார்க்க முடியாது."

கேரண்டி தன் வழக்கமான சரக்கை எடுத்து நீட்டினார். பளபளக்கும் கறுப்புத் துணி, முன்பக்கம் குடைப் படம். தையலில் ஊசி போன ஓட்டைகள் வழியாக எதிர்க்கடை தெரிந்தது.

கூரியர்காரர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதுவே இருக்கட்டும்ணே."

"தண்ணி ஊத்திப் பார்த்துக்கப்பா," என்றார் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி, கணவரை முறைத்தபடி.

"எதுக்குக்கா? நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

கேரண்டிக்கு வெட்கமாகிவிட்டது. அதைவிடப் பயமாகவும் இருந்தது. "இருங்க, புதுசா ஒண்ணு எடுத்துத் தர்றேன்" என்று உள்ளே போனார்.

உள்ளே அவருடைய சொந்தப் பை தொங்கியது. தன் கடைப் பையை வாங்கும் அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. வேறு ஊர் வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியது அது. நிறமும் அளவும் அதேதான். தையலே கிடையாது, விளிம்புகள் எல்லாம் சூட்டில் ஒட்டியவை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு குடைப் படத்தை ஒட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். உண்மையை எழுதிப் பழக்கமில்லாததால் பில்லில் கையெழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது.

மறுநாள் மழை பிடித்து ஊற்றியது. கேரண்டி கடைவாசலில் நின்று ரசித்தார். முதல்முறையாக, மழையைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை.

சாயங்காலம் கூரியர்காரர் வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டை கிழிந்து தொங்கியது. பையைக் கல்லா மேல் ஓங்கி எறிந்தார்.

"யோவ்! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேய்யா!"

மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மனைவி ஃபோனை எடுத்துத் தம்பியின் நம்பரைத் தேடினார்.

கேரண்டிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒருநாள் யோக்கியமாக இருந்ததற்கா இந்தக் கதி? அந்த வெளியூர் வியாபாரி தன்னையே ஏமாற்றிவிட்டானே என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

"தண்ணி... ரொம்ப உள்ள போயிடுச்சா தம்பி?"

"ஒரு சொட்டுகூடப் போகலையேய்யா! உன் கடைப் பை கண்டிப்பா ஒழுகும்னு நம்பித்தானே, அந்தக் கலப்பட சிமெண்டை நனைச்சே கொண்டு போறேன்னு கான்ட்ராக்டர்கிட்ட முன்பணம் வாங்கினேன்!"