பாதிரிசாமி கோயில் மண்

“கல்லை வேணும்னா தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க, மாஸ்டர். மண்ணுல மட்டும் கை வைக்க வேணாம்.”

காளிதாஸ் அண்ணன் இப்படிச் சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாமியையே தருகிறேன் என்கிற பூசாரி, சாமி காலடி மண்ணைத் தரமாட்டேன் என்றால் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

பாஸ்டர் விலியாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொங்காத் தீவிலிருந்து விமானம் மாறி மாறி வந்தவர். ஆள் பெரிய உருவம். கரவனெல்லையில் டியூஷன் வகுப்பு நடத்தும் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு, ரப்பர் தோட்டத்து மேட்டில் மூச்சிரைக்க ஏறியிருந்தார். உடுப்புக்கு மேலே இடுப்பில் ஒரு பழைய ஓலைப்பாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர்கள் ஊரில் பெரியவர்களைப் பார்க்கவும் துக்க வீட்டுக்குப் போகவும் அதுதான் மரியாதையாம்.

அவர் பார்க்க வந்த பெரியவர் அந்தக் கல்தான்.

எழுத்தெல்லாம் சந்தனத்திலும் குங்குமத்திலும் மறைந்துபோன, ஒரு வெள்ளைக்காரப் பாதிரியின் கல்லறைக் கல். முன்னால் ஒரு சுருட்டு, கால் போத்தல் சாராயம். குடியை விடுங்கள் என்று சாகும்வரை பிரசங்கம் செய்த மனுஷருக்கு இந்தப் படையல். நான் கூச்சத்தோடு விளக்கினேன். பாஸ்டர் சிரித்தார். பாதிரி சொன்னதை முழுசாகக் கேட்டவர்கள் எங்கள் தீவிலும் குறைவு என்றார்.

கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன் அந்த வெள்ளைக்காரப் பாதிரி முதலில் போனது அவர்கள் தீவுக்கு. மனைவி, கைக்குழந்தை, ஒரு பெட்டி வேதப் புத்தகம். கப்பல் இறக்கிவிட்டுப் போய்விட்டது. தீவுக்காரர்கள் பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கித் தூண்டில் முள் செய்துகொண்டார்கள். புத்தகங்கள் மழையில் நனைந்தன. அவர் கோபப்படவில்லை, பாஷையைப் படித்தார். முதலில் ஞானஸ்நானம் வாங்கியது பாஸ்டரின் பாட்டன் முப்பாட்டன் யாரோ ஒருவர்.

அந்தத் தீவிலேயே மனைவி செத்தாள், பிறகு குழந்தையும். இரண்டு பேரையும் கடற்கரை மணலில் தன் கையால் புதைத்துவிட்டு, அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இங்கே கோப்பித் தோட்டத்துச் சனங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய், அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். பாதிரி, பாதிரிசாமி ஆனார்.

இப்போது அந்தத் தீவில் கடல் ஏறி மயானத்தை அரிக்கிறது. கல்லறைகளை மேட்டுக்கு மாற்றுகிறார்கள். தாயையும் பிள்ளையையும் புது இடத்தில் வைக்கும்போது தகப்பனும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு பிடி மண்ணாகவாவது. ஊரே கூடிப் பாஸ்டரை அனுப்பியிருந்தது.

இதையெல்லாம் நான் காளிதாஸ் அண்ணனுக்குச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். முடியாதாம்.

இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்தேன்.

பின்னால் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சீதாலட்சுமி அக்கா திரும்பினார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசுங்க?”

பாஸ்டரிடம் கேட்டேன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்ததாம்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

இந்தக் கல் முதலில் இருந்தது இங்கே இல்லை. மேலே, மலையில் மரமில்லாமல் செம்மண் தெரிகிற இடத்தில். சில வருஷத்துக்கு முன் அடைமழையில் மலை இறங்கியது. கல்லும் கல்லறையும் மண்ணோடு மண்ணாகத் தோட்டத்து லயத்து வீடுகளின்மேல் வந்து விழுந்தன. ஆமிக்காரர்கள் பெக்கோ மெஷின் வைத்துத் தோண்டினார்கள். கூரைத் தகரம் கிடைத்தது, கட்டில் கிடைத்தது. கடைசியில் இனித் தேடிப் பிரயோசனம் இல்லை என்று போய்விட்டார்கள். கல் வந்து நின்ற இடம் இவர்கள் வீடு. உள்ளே இவர்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“சாமியும் புள்ளையும் ஒரே மண்ணுல கெடக்குறாங்க. எது யாருன்னு எங்களால பிரிக்க முடியலைங்க. அதான் அவரு தரமாட்டேங்குறாரு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இதைப் பாஸ்டரிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

அவர் செம்மண்ணில் முழங்காலிட்டார். வாய்க்குள்ளேயே ஏதோ ஜெபம். பிறகு கையிலிருந்த சின்ன மரப்பெட்டியை வெறுமையாகவே மூடிக்கொண்டு எழுந்தார். மறுபடி கேட்கவே இல்லை. காளிதாஸ் அண்ணனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கப் போனார்.

அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா எட்டிப் பாஸ்டரின் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். கல்லடியில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். கட்டிகளை விரலால் உடைத்து, குத்துகிற சின்னக் கற்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மண்ணைப் பெட்டிக்குள் பரப்பினார்.

“அங்க பாஷை வேற. புள்ள பயந்துக்கும். போய்ச் சேந்ததும் பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லுங்க, மாஸ்டர்.”

பெயர் என்ன என்று பாஸ்டர் கேட்டார்.

“தனுஜா,” என்றார் காளிதாஸ் அண்ணன்.

பாஸ்டரின் வாயில் அது ‘தானூசா’ என்று வந்தது. அக்கா திருத்தினார். பாஸ்டர் மறுபடி சொன்னார். அக்கா மறுபடி திருத்தினார். தூறல் விழத் தொடங்கியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார்.

சரியாக வரும்வரை அக்கா பெட்டியைக் கொடுக்கவில்லை.