செல்லாத பட்டம்

ரீப்பர் கட்டை முதல் அடியிலேயே தருண்குமாரின் புருவத்தைப் பிளந்துவிட்டது. 'வெளிநாட்டு ஆன்லைன் டிகிரி, உலகமெங்கும் செல்லும்' என்று அவன் தன் கடை வாசலில் வைத்திருந்த பிளெக்ஸ் போர்டிலிருந்தே பிடுங்கிய கட்டை அது.

அடித்தவர் சீனிவாசகம் அண்ணாச்சி. தொழிலாளியைக்கூட அதட்டிப் பேசாத மனிதர் என்று சிவகாசியில் பெயர் வாங்கியவர். இப்போது வேட்டி அவிழ்வது தெரியாமல், கண்ணில் நீர் வழிய அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்குடும்பத்தையே நாசமாக்கிட்டியேலே! எம் மகள நெனைச்சு அவ அம்மா பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்காலே!"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் உச்சி வெயிலிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஜனங்களுக்குக் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைக்க வேண்டும். அடிதடிக்கு அந்த மரியாதையெல்லாம் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

அண்ணாச்சியின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எம். புதுப்பட்டிப் பக்கம் பெரிய பட்டாசுக் கம்பெனி. அதற்கு ஒரே வாரிசு மகள் பிரீத்திகா. அவளோ, கனடா போய்த்தான் வேலை பார்ப்பேன், அதற்கு ஒரு வெளிநாட்டு டிகிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகள் அழுதால் தாங்க மாட்டாத அண்ணாச்சி, தருண்குமாரிடம் இருந்ததிலேயே மலிவான ஆன்லைன் டிகிரி ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டார். கம்பெனி வேலையைப் பார்த்தபடியே அவளும் லேப்டாப்பில் படித்து முடித்தாள்.

"இம்புட்டு வசதி இருந்தும் வெலை கொறைஞ்சதா பாத்து வாங்கிக் கொடுத்திருக்காரே மனுசன்" என்றார் எதிர்த்த டீக்கடை முத்துராமலிங்கம். "வெளிநாட்டுச் சரக்கு மலிவா வந்தா எப்படி இருக்கும்? சீனாப் பட்டாசு கதைதான். கனடாக்காரன் தூக்கி எறிஞ்சிருப்பான்."

சீனப் பட்டாசு என்ற பேச்சு வந்தபிறகு அந்த ஊரில் யாருக்கு வேறு விளக்கம் வேண்டும்? "போடுங்க அண்ணாச்சி, விடாதீக!" என்று நாலைந்து குரல்கள் கிளம்பின.

தருண்குமார் மேஜைக்கு அடியில் ஊர்ந்தான். அண்ணாச்சி காலைப் பிடித்து இழுத்து முதுகில் விளாசினார்.

"அண்ணாச்சி, சத்தியமா அது நல்ல டிகிரி! நெசமான யூனிவர்சிட்டி! சேக்கும்போதே சொன்னேனே, நீங்கதான் நம்பாமச் சிரிச்சீக!"

நல்ல டிகிரி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு வெறி தலைக்கேறிவிட்டது. கட்டை அவன் வாயில் இறங்கியது. முன்பற்கள் இரண்டு ரத்தத்தோடு தரையில் விழுந்தன. மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி அவன் தோளில் போட்டார். அதுவும் போதாமல், உடைந்து சிதறிய அதன் திரைக் கண்ணாடி மேலேயே அவன் முகத்தை வைத்து அழுத்தினார்.

எப்படியோ திமிறிக்கொண்டு வாசலுக்குத் தவழ்ந்து வந்தவனை இந்த முறை மறித்தவர் முத்துராமலிங்கம்.

"எங்கக்கா மவனும் இப்படி ஒருத்தன்ட்டதான்லே டிகிரி வாங்குனான்! துபாய்ல செல்லாதுன்னுட்டான். இப்ப லாரி ஆபீஸ்ல லோடு ஏத்திக்கிட்டுத் திரியுறான்!"

சொல்லிக்கொண்டே கடை ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். தருண்குமாரின் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தமும் அவன் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

ஒருவர்கூட ஷட்டரைத் தூக்கப் போகவில்லை. ஊரை ஏமாற்றுகிறவன்தானே, படட்டும் என்று நின்றார்கள்.

ஏட்டு சொர்ணலட்சுமி வந்து லத்தியால் நாலு பேரை விலக்கி ஷட்டரைத் தூக்கினார். தருண்குமார் அவரைப் பார்த்து, "கனடாவுல... கனடாவுல..." என்று ஏதோ சொல்லப் பார்த்தான். வாய் முழுக்க ரத்தம் நிறைந்திருந்ததால் மேற்கொண்டு பேச்சு வரவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கட்டை இன்னும் அண்ணாச்சியின் கையில்தான் இருந்தது. சொர்ணலட்சுமி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரைப் படியில் உட்கார வைத்தார்.

"இதுக்குப் போயி கொலைக் கேஸ் வாங்கப் பாத்தீகளே அண்ணாச்சி! ஏமாத்துனான்னா ஸ்டேசனுக்கு வர வேண்டியதுதான? போலி டிகிரி வித்தான்னு மகளையே ஒரு கம்ப்ளெயின்ட் எழுதித் தரச் சொல்லுங்க. அவன நான் பாத்துக்கிடுதேன். போயி புள்ளையக் கூட்டிட்டு வாங்க."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அடித்தபோது இருந்த ஆவேசம் முழுவதும் வடிந்து போயிருந்தது.

"அவள எங்கனருந்தும்மா கூட்டிட்டு வாரது?"

"ஏன், புள்ள எங்க இருக்கா?"

அண்ணாச்சி ரத்தக்கறை படிந்த கைகளால் தலையில் அடித்துக்கொண்டு கதறினார்.

"செல்லாதுன்னு நம்பித்தான தாயி சேத்துவிட்டேன்... கனடாவுல வேலைக்குச் சேந்துட்டாளே!"