இருபது இலவசச் சுற்று

துணி துவைக்கும் அறையின் கதவைத் தாழிட்டுவிட்டு, துணியே போடாமல் எந்திரத்தை ஓடவிட்டாள் ஷெரில். அந்தக் கடகடப்பில் போனின் சத்தம் வெளியே கேட்காது என்பது அவள் எண்ணம். போனில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் உடைந்து வெகுநாளாயிற்று. விளையாட்டுக்குள் அதை எங்கே அணைப்பதென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போன் அவள் கணவன் டேரலுடையது. வெளியே கிளம்பும்போதெல்லாம் போனையும் வங்கி அட்டையையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, தேவையான காசை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பதினான்கு மாதமாக அவன் வழக்கம். விடிந்தால் கிறிஸ்துமஸ். விருந்துக்கு இறால் வாங்க டவுன்ஸ்வில் படகுத்துறைக்குப் போயிருக்கிறான். அங்கே வரிசை நீண்டிருக்கும். என்ன நீண்டாலும் பதினொன்றரைக்கு வந்துவிடுவான். இப்போது காலை பதினொன்று ஐந்து.

திரையில் அரைக்கால் சட்டை போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா கடற்கரையில் நின்று கையசைத்தார். மேல் மூலையில் கையிருப்பு மின்னியது: ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர்.

எல்லாம் காலையில் வந்த மின்னஞ்சலால் வந்த வினை. 'டேரல், உனக்கொரு கிறிஸ்துமஸ் பரிசு. இருபது இலவசச் சுற்று.' தன்னை எந்தச் சூதாட்டத்திலும் சேர்க்கக் கூடாதென்று அவன் அரசாங்கப் பட்டியலில் பெயரைப் பதிந்திருந்தான். ஆனால் கடல் தாண்டி ஏதோ தீவில் கடை விரித்திருப்பவனுக்குப் பட்டியலாவது ஒன்றாவது. அழிக்கப்போன ஷெரிலின் விரல் பரிசுப்பெட்டியின்மேல் பட்டது. பெட்டி திறந்து, படங்கள் தாமாகவே சுழன்று, அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணம் சேர்ந்துவிட்டது.

அதிலிருந்து அரைமணிக்கொரு செய்தி: 'டேரல், உன் பணம் காத்திருக்கிறது.' வந்ததையெல்லாம் அழித்துக்கொண்டே இருந்தாள். கணக்கில் பணம் இருக்கும்வரை அது நிற்கப்போவதில்லை.

பணத்தை எடுக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. எடுத்தால் நேரே அவன் வங்கிக் கணக்கில் போய் விழும். அவன் கண்ணில் படாமல் போகாது. அந்தப் பக்கமே அவள் விரல் போகவில்லை. ஒரு சுற்றுக்கு உச்சமாக எவ்வளவு கட்டலாமோ, அந்த நூறு டாலரைக் கட்டிச் சுழற்றினாள். மறுபடி சுழற்றினாள்.

எட்டாயிரம். ஆறாயிரம். மூன்றாயிரத்து இருநூறு. தகரக் கூரை அந்த ஊரின் டிசம்பர்க் கோடை வெயிலில் கொதித்தது. வியர்வை கண்ணில் இறங்கியும் அவள் துடைக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. நாளைய விருந்துக்கு உதவ வந்த அக்கா நோலீன். இவ்வளவு நேரம் சமையலறையில் பன்றித் தொடைக்குக் கிராம்பு குத்திக்கொண்டிருந்தவள்.

"ஷெரில், உள்ள என்னடி பண்ற?"

துணி துவைப்பதாகச் சொன்னாள் ஷெரில். வீட்டுத் துணியெல்லாம் கொடியில் காய்கிறதே, நீ எதைத் துவைக்கிறாய், கட்டியிருப்பதையா என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்து எந்திரம் ஒரு கணம் ஓய்ந்தது. போனிலிருந்து கலகலவென்று மணியோசை கேட்டது.

நோலீனுக்கு அந்த ஓசை தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஈஸ்டர் அன்று டேரல் நாலாயிரம் டாலர் ஜெயித்து, குடும்பத்துக்கே சிங்கி இறால் வாங்கிப் போட்டான். அந்த ஜெயிப்பில் பிடித்த பேய். முதலில் படகு போனது, பிறகு சொந்த வீடு. கடைசியில் ஒரு நாள் பாலத்துக் கம்பியைத் தாண்டி நின்றவனைப் போலீஸ்காரர்கள் பேசிப் பேசி இறக்கிக் கூட்டிவந்தார்கள்.

"நீயுமா?" என்றாள் நோலீன். அவள் குரலில் கோபத்தைவிடப் பயமே கூடுதலாக இருந்தது. இதை அவன் பார்த்தால் பதினான்கு மாதமும் பாழ் என்றாள். மறுபடி அதே பாலத்தில் போய் நிற்பான், இந்தத் தடவை இறங்கி வரமாட்டான் என்றாள். "மூடுடி அதை. இப்பவே மூடு."

"இன்னும் கொஞ்சந்தான்க்கா. ஆயிரத்து எழுநூறுதான் மிச்சம்."

"அவனும் இப்படியேதான் சொல்லுவான்."

ஷெரில் மறுபடி சுழற்றினாள். எழுநூறு. நானூறு. அடுத்த சுற்றில் முதல் வரிசையில் ஒரு மணி வந்து விழுந்தது. இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவது வரிசை வேண்டுமென்றே மெள்ளச் சுழல, அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டாள்.

மூன்று மணிகளும் சேர்ந்து ஒலித்தன. பத்துச் சுற்று இலவசம், விழுவதெல்லாம் இரட்டிப்பு. கங்காருகள் பூட்டிய வண்டி திரைக்குக் குறுக்கே பறந்தது. அது தொட்ட படமெல்லாம் ஒரே படமாக மாறியது. கடைசிச் சுற்று ஓய்ந்தபோது மேல் மூலையில் முப்பத்தோராயிரம் நின்றது.

வெளியே நாய் குரைத்தது. சரளைக்கல் நெரிய டேரலின் வண்டி வந்து நின்றது. சீழ்க்கையடித்தபடி அவன் பனிக்கட்டிப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

ஷெரில் தாழை நீக்கினாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நோலீன் திட்ட வந்ததை விழுங்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டாள். போனது போகட்டும், என் சேமிப்பிலிருந்து தருகிறேன், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று காதோடு சொன்னாள்.

"எவ்வளவு தோத்த, அதை மட்டும் சொல்லு."

ஷெரில் போனை அக்காவின் கையில் திணித்தாள்.

"தோக்கவே முடியலக்கா."