நாற்பதடி வீடு

"வீடு ரெடியா அக்கா? நாளைக்குக் கிரேன் வந்துடும்தானே?"

கைக்குழந்தையோடு பட்டறைக்குள் நுழையும்போதே கேட்டாள் அவள். வார்த்தைக்கு முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது.

கப்பலில் சரக்கு சுமந்த நாற்பதடி கன்டெய்னர் அது. இப்போது அதற்கு இரண்டு ஜன்னல், மஞ்சள் கதவு, சுவரோடு மடங்கிக்கொள்ளும் சாப்பாட்டு மேஜை. அவளும் புருஷனும் தாள் தாளாக வரைந்து பார்த்துத் தீர்மானித்த முதல் சொந்த வீடு.

பட்டறையை நடத்தும் வெல்டர் அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"கிரேனை அடுத்த வாரம் வெச்சுக்கலாமே..."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"நான் என்ன பண்ணட்டும்? உங்க மாமனார்தான் நிறுத்தி வைக்கச் சொல்றார். இதோட மூணாவது தடவை."

அவளுக்குச் சுருக்கென்றது. 'தகர டப்பா', 'மனுஷன் குடியிருக்கிற இடமா அது' என்று மாமனார் சொன்னதையெல்லாம் கேலி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"தனிக்குடித்தனம் போனா பிள்ளை கையை விட்டுப் போயிடுவான்னு பயம் அவருக்கு. இன்னைக்கு நேராவே கேட்டுடறேன்." போனை எடுத்தாள்.

"போன் எதுக்கு? உங்க வீட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு."

உச்சி வெயிலில் கன்டெய்னர் தகித்தது. அவள் விறுவிறுவென்று போய் மஞ்சள் கதவை இழுத்தாள்.

உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல், முழுக்கைச் சட்டையோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மாமனார்.

"ஏம்மா திறந்தே? ஒரு மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்கே."

"இங்கே என்ன மாமா பண்றீங்க?"

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"முதல் தடவை உட்கார்ந்தப்போ கால் மணியில சட்டையைப் பிழிஞ்சேன். சுவருக்குள்ளே பஞ்சு வெச்சு அடைக்கச் சொன்னேன், அரை மணி தாங்கிச்சு. மேலே இன்னொரு கூரை போட்டப்புறம் இன்னைக்குத்தான் ஒரு சொட்டு வேர்க்கலை."

பேத்திக்குக் கையை நீட்டினார்.

"கரண்ட் போனாலும் இனி இவ மத்தியானம் நல்லா தூங்குவா. கிரேனுக்குச் சொல்லிடும்மா."