அடுத்த கட்டிலின் புழு

நகவெட்டியைக் கேட்டு வாங்கி, என் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார். குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அடுத்த கட்டிலில் எங்கள் தெருத் தையல்காரர். அவருக்கும் அதே வலி, அதே ஆபரேஷன், அதே டாக்டர். ஜன்னல் வெயில் இரண்டு போர்வைகளிலும் ஒரே அளவாக விழுகிறது. வெட்டியெடுத்த குடல்வால்களைச் சோதித்த முடிவுகளோடு டாக்டர் வருகிறார். முதலில் தையல்காரரிடம் போகிறார். "உள்ள நூல்புழு இருந்திருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது. மாத்திரை தரேன், வீட்ல எல்லாரும் போடுங்க." தையல்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "பொழுதுக்கும் நூலோட கிடந்தா வயித்துல வேற என்ன இருக்கும்? அக்கா, உங்க வீட்டுக்காரருக்கும் ஏதாச்சும் பூச்சிதான் பாருங்க." தையல் பிரிந்துவிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கணவரும் சிரிக்கிறார். எங்கள் தாளைப் புரட்டிய டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்குப் புழு இல்லைங்க, பூஞ்சை. சர்க்கரை ரொம்ப ஏறினவங்களுக்கு அபூர்வமா வரும். ரத்தக்குழாய்க்குள்ள இறங்கியிருக்கு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்." "அதுக்கும் மாத்திரை இருக்கும்ல?" என்கிறார் இவர். டாக்டர் என்னைப் பார்க்கிறார். நான் அடுத்த கட்டிலைப் பார்க்கிறேன். அங்கே அவள், சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், கணவருடைய போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்கிறாள். அப்படியொரு புழு எங்களுக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு வயிறு எரிகிறது. பதினோராம் நாள், பெரிய ஆஸ்பத்திரியிலேயே இவர் உயிர் போய்விட்டது. தையல்காரர் இன்றும் காலை ஒன்பது மணிக்குக் கடையின் இரும்புக் கதவைத் தூக்குகிறார். அந்தச் சத்தம் என் சமையலறை வரை கேட்கிறது.