சோதனைத் தாளில் ஒரு பெயர்

"இன்னிக்காவது கேட்டுடு."

"கேக்கறேன்."

"மூணு மாசமா இதையேதான் சொல்றே. பத்து வருஷம் பட்டாளத்துல ஒயர் இழுத்தவளுக்கு ஒரு மேனேஜரைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குதோ?"

காலையில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை மூடியபடி கணவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. சர்வர் அறையின் குளிரில் மண்டியிட்டு, கடைசி ஒயரின் இரண்டு முனைகளிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டி, ஒருமுறை சுண்டி இழுத்துப் பார்க்கிறாள். இருட்டிலும் பிசகக்கூடாது என்ற பட்டாளத்துப் பழக்கம். இருநூற்றுச் சொச்சம் ஒயர்களும் வாரிப் பின்னிய கூந்தலாக இறங்குகின்றன. பச்சை விளக்குகள் ஒன்றுவிடாமல் எரிகின்றன. வாசலில் மேனேஜர் வாடிக்கையாளரிடம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "எல்லாம் நம்ம இன்ஜினியர் தம்பி வேலை சார். இந்தம்மா சும்மா கூடமாட ஒத்தாசைக்கு." நான்கு நாளாக ஒயர் பக்கமே வராத தம்பி, போனிலிருந்து கண்ணெடுக்காமல், ஒயர்களைச் சோதித்து முடித்ததற்கு அத்தாட்சியாக மேசைமேல் இருக்கும் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறான். அந்தத் தாளில் பெயர் ஏறினால்தான் அவள் டெக்னீஷியன். ஏறாதவரை வெறும் உதவியாள். அவளுக்குக் காதுமடல் கொதிக்கிறது. எழுந்துபோய், கையிலிருக்கும் கட்டரை மேசைமேல் ணங்கென்று வைக்கிறாள். பேனா இறங்கவிருந்த இடத்தில், ஒயர் கீறிய தன் உள்ளங்கையை அழுத்துகிறாள்.

"இது நான் செஞ்ச வேலை சார். என் பேரை எழுதுங்க."